ஊருணி குடித்த மலைத் தண்ணீர்

எனக்கு வேலை மலையில், வீடு கடைமடையில். இதைவிடச் சங்கடமான விலாசம் ஒரு பெண்ணுக்கு வாய்க்கக் கூடாது.

மேற்கே மலையில் ஒரு நீர்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறேன். மேலே அணை. அணையிலிருந்து மலையைக் குடைந்துகொண்டு வரும் சுரங்கம். சுரங்கம் முடியும் இடத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய். குழாயின் அடியில் மூன்று மெஷின்கள். அவற்றைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் கீழே இன்னோர் அணைக்குப் போகிறது, அப்புறம் பவானி, அப்புறம் காவிரி, கல்லணை. கல்லணையில் பிரிகிற கால்வாய் தஞ்சாவூர்ப் பக்கத்தை எல்லாம் நனைத்துவிட்டு, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து, அறந்தாங்கியைத் தாண்டி, வேகமெல்லாம் செத்து வந்து நிற்கும் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர்.

ஊர்க்காரர்களுக்கு இது மிக எளிமையான விஷயம். தண்ணீர் புறப்படும் இடத்தில் நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கிறது, சாவி அதன் கையில். கல்யாணம் காதுகுத்துக்கு நான் ஊர்ப்பக்கம் போனால் பந்தியில் உட்காரவிட மாட்டார்கள். "ரெண்டு சுத்து சேத்துத் தொறந்து விட்டாத்தான் என்னத்தா?" என்று கேட்பார்கள். முதல் நாலைந்து வருஷம் பொறுமையாக விளக்கினேன். சென்னையிலிருந்து போன் வரும், இத்தனை மெகாவாட் வேண்டும் என்பார்கள், அவ்வளவுக்குத்தான் நாங்கள் திறக்கலாம். தெற்கே காற்றாலைகள் நன்றாகச் சுற்றினால் எங்கள் மெஷின்கள் சும்மா நிற்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது மூன்றும் ஓடும். கடைமடையில் நாற்று வாடுகிறது என்று எங்களுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, நீ மனசு வச்சா முடியும்" என்பார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

இதில் மோசமானவர் என் அப்பா. விவரம் தெரிந்தவர், ஆனால் தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சுகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "ஓடுதா?" என்றுதான் கேட்பார்.

அந்த ஆண்டு ஆவணியில் ஊரில் நல்ல மழை. மழையை நம்பி நாற்றுப் பாவியிருந்தார்கள். நாற்று நடவுக்கு வந்த சமயம், நடலாமா வேண்டாமா என்று ஊரே இரண்டு மனமாக இருந்தது. வயலில் கிடந்த மழைத்தண்ணீர் நடவுக்குத்தான் போதும். அதற்கப்புறம் கால்வாய் வந்தால்தான் பயிர். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"மூணு மெஷினும் ஓடுதுப்பா. ராப்பகலா ஓடுது. தண்ணி பூராம் கீழதான் வருது" என்றேன்.

நான் சொன்னது உண்மை. ஆனால் அது எங்கள் மலையின் நிலவரம் மட்டுமே. நடுவில் எத்தனை அணை, எத்தனை கதவு, எத்தனை பேர் கை. அப்பா அதையெல்லாம் விட்டுவிட்டு, டீக்கடையில் போய் "தண்ணி கிளம்பிருச்சு, எம்மக சொல்லிருச்சு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் நடவு ஆள் இறங்கிவிட்டது. நாற்பது ஏக்கர். ஒரே வாரத்தில் நட்டு முடித்தார்கள்.

புரட்டாசி பிறந்தது, வானம் வெளுத்துக் கிடந்தது. வயலில் ஈரம் போய், பிறகு வெடிப்பு விழுந்தது. அப்பாவின் குரல் போனில் சிறிதாகிக்கொண்டே வந்தது. டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னாள். "மலைத்தண்ணி எங்கிட்டு வருது, பல்லவராயன் காலத்துல புறப்பட்டதா?" என்று ஒருவர் கேட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருவழியாகக் கால்வாயில் எங்கள் பகுதிக்கு முறை வந்தது. ஆறு நாள் தண்ணீர், பிறகு நிறுத்தம். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே கிளைவாய்க்காலில் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது என்று அப்பா போன் செய்தார். அந்த ஒரு போனில் மட்டும் குரல் பழையபடி இருந்தது. நான் அன்றைக்கு ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கேட்டால், "ஊருணி இன்னும் நெறயலத்தா" என்றார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஊருணி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆண்டின் முதல் தண்ணீர் வயலுக்குப் போகக் கூடாது. வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு பலகையைச் செருகிவிடுவார்கள். தண்ணீர் முழுவதும் பக்கவாட்டில் திரும்பி ஊருணிக்குப் போகும். குடிக்க, குளிக்க, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் முதலில் ஊர், அப்புறம்தான் வயல். ஊருணி நிறைந்து மேல்படியைத் தொட்டதும், கோயில் பூசாரி தேங்காய் உடைப்பார். அதன் பிறகுதான் பலகையை எடுப்பார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் போதும், நிறைந்துவிடும். அதனால் இந்த வழக்கத்தால் யாருக்கும் எந்தக் காலத்திலும் நஷ்டம் வந்ததில்லை.

நான் போய் இறங்கியது நான்காம் நாள் காலை. வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே ஊருணிக்கரைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருணியில் பாதிகூட இல்லை. திருப்பிவிட்ட தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. அப்பா தனியாகப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"மேல்மடைக்காரய்ங்க அடைச்சிட்டாய்ங்க" என்றார் கரையிலிருந்த சித்தப்பா ஒருவர். உறவுமுறைக்குச் சித்தப்பா, நாலு ஏக்கர் நட்டிருந்தவர். "பாதித் தண்ணிதான் வருது. மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்."

கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் குறைந்தால் முதலில் மேல்மடைக்காரன்மேல்தான் கோபம் வரும். பெரும்பாலும் அது நியாயமான கோபம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு வாய்க்காலைப் பார்த்ததும் அது பாதித் தண்ணீராகத் தெரியவில்லை. பையை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, கிளைவாய்க்கால் கரையோடு, அது கால்வாயிலிருந்து பிரியும் தலைப்பு வரைக்கும் நடந்தேன். ஒன்றரை மணி நேர நடை. வழியில் மூன்று இடத்தில் வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தேன், ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டு நூறடி போக எத்தனை விநாடி என்று போனில் பார்த்தேன். தலைப்பில் எவ்வளவு புறப்பட்டதோ, கொஞ்சம் கசிவு போக, அவ்வளவும் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. மேல்மடைக்காரர்கள் ஒரு சொட்டுத் திருடவில்லை.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் வருகிறது, ஊருணி நிறையவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை என் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் ஊருணியை ஆழப்படுத்தியவர் அப்பாதான். ஒற்றை ஆளாக நின்று ஊரைக் கூட்டி, பொக்லைன் கொண்டுவந்து, எட்டடி தோண்டினார். "இனிமே சித்திரையிலயும் வத்தாது" என்று எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். தோண்டிய மண் நல்ல களிமண். வண்டி வண்டியாக எல்லோரும் தங்கள் வயலுக்கு அடித்தார்கள், எங்கள் வயலுக்கும் எட்டு டிப்பர். வீடியோவின் கடைசியில், மண் அள்ளும் வாளியின் அடியில் வெள்ளையாகக் கரடும் மணலும் வந்ததை நானும் பார்த்தேன். அணைத்தண்ணீரோடு வேலை பார்க்கிறவள், பார்த்துவிட்டு ஒரு கைகூப்பு எமோஜி போட்டு அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

களிமண்தான் தண்ணீரை இறங்கவிடாமல் தாங்கும் ஊருணியின் அடித்தட்டு. முன்னோர்கள் தோண்டும்போது அதோடு நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் அதையும் வழித்தெடுத்து வயலில் கொட்டிவிட்டோம்.

மலையில் எங்கள் சுரங்கத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளே தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் மூடிவிட்டு, அளவுகோலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வருவதும் இல்லை, போவதும் இல்லை என்றால் மட்டம் அப்படியே நிற்கணும். இறங்கினால் ஓட்டை. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், எதையும் ஊகிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் அதற்கு ஊருணிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தணும். நிறையாத ஊருணிக்குத் தண்ணீரை நிறுத்தியவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

உச்சி வெயில் நேரத்தில் கரைக்கு வந்து சொன்னேன். "ரெண்டு மணி நேரம் ஊருணி வாயை அடைக்கணும். தண்ணி வயல் பக்கம் போகட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சு எல்லாருமா சேந்து பாப்போம்."

கரையில் இருந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பூசாரி எழுந்து நின்றார். எனக்கு அவர் மாமா முறை, சின்ன வயதிலிருந்து திருநீறு பூசிவிட்டவர்.

"ஊருணி நெறயாம வயலுக்கு விட்டா ஊருக்கு ஆகாதுத்தா. மலையில ஒங்க ஆபீஸ்ல எப்புடியோ. இங்க வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "வழக்கம் நிக்கும் மாமா. நாத்து நிக்காது. இன்னும் ரெண்டு நாள்தான் தண்ணி. ஏழாம் நாள் நீங்க தேங்காயை யாருக்கு ஒடைப்பீங்க?"

சித்தப்பா குறுக்கே விழுந்தார். "தண்ணி வருது வருதுன்னு சொல்லி நட வச்சது யாரு? இப்ப ஊருணியையும் மூடச் சொல்லுது. அண்ணே, நீங்க ஒங்க மகளைக் கொஞ்சம்..." என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்பா படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "ரெண்டு மணி நேரத்துல என்னத்தப் பாப்ப?"

"மட்டம் எறங்குதான்னு பாப்பேன்ப்பா."

"எறங்குனா?"

நான் ஊருணியைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊரே அவர் பக்கம் நின்றிருக்கும். தண்ணீர் குறைந்ததற்கு மேல்மடைக்காரர்கள் காரணம், நடவு காய்ந்ததற்கு மகள் காரணம் என்று அவர் தலை தப்பியிருக்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் உண்மையிலேயே பயமாக இருந்தது. நாற்பது ஏக்கருக்காக அல்ல, அப்பா என்ன சொல்லப்போகிறார் என்பதற்காக.

அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கினார். குறுக்கே செருகியிருந்த பலகையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அதே பலகையைக் கொண்டுபோய் ஊருணி வாயில் செருகி, இண்டு இடுக்கில் களிமண்ணை அப்பினார். தண்ணீர் வயல் பக்கம் திரும்பி ஓடியது. பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் ஒரு மூங்கில் கழியை ஊருணிக்குள் நட்டு, தண்ணீர் மட்டத்தில் சிவப்புக் கயிற்றைக் கட்டினேன். பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். மலையில் நான் எத்தனையோ முறை அளவுகோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதெல்லாம் சம்பளத்துக்கு. இது வேறு. அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்தாள், நானும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அரை மணி நேரத்தில் கயிறு தண்ணீரைவிட்டு இரண்டு விரற்கடை மேலே நின்றது. "வெயிலுக்கு வத்தும்ல" என்றார் சித்தப்பா. ஒரு மணி நேரத்தில் அரைச் சாண். அவர் எழுந்து கரையோரம் வந்து பார்த்தார். இரண்டு மணி நேரம் முடிந்தபோது ஒரு சாண் தாராளமாக இறங்கியிருந்தது. நாலு நாளாக மலையிலிருந்து வந்ததெல்லாம் எங்கள் ஊருக்கு அடியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கரையில் இருந்த ஒரு பெரியம்மா, ஒண்டியாக இரண்டு ஏக்கர் விவசாயம் பார்ப்பவள், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"போதும்னு ஊருணி சொன்னாத்தான் வயலுக்குங்கிறீங்க. அது வயித்துல ஓட்டை. அது எந்தக் காலத்துல போதும்னு சொல்லப்போவுது?"

ஒருவர் சிரித்தார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அப்பா சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, கழிக்குப் பக்கத்தில் குனிந்து, அடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். கரையில் நின்று கையை விரித்துக் காட்டினார். வெறும் மணல், விரல் இடுக்கில் உதிர்ந்தது.

"தோண்டுனது நான்தான். பொக்லைன் ஓட்டுனவரு அப்பவே சொன்னாரு, களி முடிஞ்சிருச்சு, நிறுத்துங்கன்னு. நாந்தான் இன்னும் ரெண்டடி போகட்டும்னேன். மேல்மடைக்காரன் மேலயும் தப்பு இல்ல, எம்மக மேலயும் தப்பு இல்ல." கையைக் கழுவிக்கொண்டு பூசாரியிடம் திரும்பினார். "மச்சான், வழக்கத்த நான் ஒடைக்கல. அறுப்பு முடிஞ்சதும் இந்த ஊருணிக்கு அடித்தட்டு போட்டு, நெறய வச்சு, நீங்க தேங்காய் ஒடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுல ஒரு விசேஷமும் வைக்க மாட்டேன். இப்ப வயலுக்கு விடுங்க."

எங்கள் வீட்டில் அப்போது என் தம்பிக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. கல்யாணத்தைத் தைக்கு வைத்திருந்தார்கள். அம்மா தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பூசாரி வாய்க்காலில் இறங்கி, ஒரு குடம் தண்ணீர் மொண்டு, ஊருணியின் மேல்படியில் கொண்டுபோய் ஊற்றினார்.

"மேல்படி நனைஞ்சிருச்சு. விடுங்க" என்றார்.

மீதி இருந்த இரண்டு நாளும் ஊரில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று நான் பிரித்து எழுதினேன். மலையில் மெஷினுக்குப் போடும் அட்டவணை மாதிரியே போட்டேன். கடைசி வயலிலிருந்து தொடங்கணும் என்றேன், கடைமடைக்காரர்கள் என்பதால் யாரும் மறுக்கவில்லை. சித்தப்பா தன் நேரம் முடிவதற்குக் கால் மணி முன்னாலேயே மடையை அடைத்துவிட்டு, அடுத்த வயல்காரரைக் கூப்பிட்டார். எங்கள் வயலுக்கு அப்பா கடைசியாகத்தான் விட்டார். எங்களுக்குப் பாதி வயல் நனைவதற்குள் முறை முடிந்து வாய்க்கால் வற்றிவிட்டது. மீதிப் பாதி போனது போனதுதான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, மற்றவர்களுடைய பயிர் எல்லாம் தேறிவிட்டது.

தையில் தம்பி கல்யாணம் நடக்கவில்லை. பெண் வீட்டில் முகம் சுளித்தார்கள். அப்பா நேரே போய், ஊருணிக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அறுப்பு முடிந்த மறுநாள் எங்கள் வயலில் கொட்டியிருந்த எட்டு டிப்பர் களிமண்ணில் அள்ள முடிந்ததை அள்ளி, அப்பா ஊருணிக்கு அடித்தார். யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பாவின் டிராக்டர் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லா வயலிலிருந்தும் களிமண் திரும்பி வந்துகொண்டிருந்தது. கொட்டி, தண்ணீர் தெளித்து, ஆடு மாடுகளை உள்ளே விரட்டி மிதிக்கவிட்டார்கள். நான் அங்கே இல்லை. வீடியோவில் பார்த்தேன். இந்த முறை கைகூப்பு போடவில்லை. வடகிழக்கு மூலையில் இன்னும் மணல் தெரிகிறது, அங்கே இன்னும் ஒரு டிராக்டர் கொட்டுங்கள் என்று எழுதினேன். கொட்டினார்கள்.

சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் கோடைமழை வெளுத்து வாங்கியது. நான் பகல் ஷிப்டில் இருந்தேன். மூன்று மெஷினில் ஒன்றுதான் ஓடியது. மதியம் அப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. ஓடுதா என்று கேட்கவில்லை.

"ஊருணில முக்கால்வாசி தண்ணி. வாயை அடைச்சிட்டேன். ஒன் கழி அங்கயேதான் நிக்கிது, கயிறு கட்டி ஒக்காந்திருக்கேன்" என்றார்.

"எத்தனை மணி நேரமாச்சுப்பா?"

"ரெண்டு."

"எறங்குச்சா?"

"எறங்கல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இரு, இன்னும் ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் வாயைத் தொறந்து நெறய விட்டு, பூசாரி மச்சானத் தேங்காயோட கூப்புடுவோம்."